டிரம்ப் கார்டு வீரர்கள் எத்தனை வயசு வரை இருந்தார்கள், தெரியுமா?

நம் குமரி மாவட்டத்து வட்டக்கோட்டை மதில் எவ்வளவு பருமன் தெரியுமா? முன்பக்கம் 29 அடி! 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி வீரர் டிலனாய் எழுப்பிய கடற்கோட்டை. சரி, பின்பக்க மதில்? வெறும் 6 அடி! முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது.

தொண்ணூறுகளில் அஞ்சுகிராமத்துப் பையன்கள் நாங்கள் சைக்கிள் மிதித்து வந்து, இந்த மதில் மேல் உட்கார்ந்துதான் டபிள்யூ டபிள்யூ எஃப் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு ஆடுவோம். கடல் காற்றில் கார்டு பறந்துவிடாமல் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, "வெயிட்!" "செஸ்ட்!" "பைசெப்ஸ்!" என்று கத்துவோம். யோகோசூனா கையில் வந்துவிட்டால் "வெயிட்" என்று சொன்னால் போதும், எதிராளி கார்டைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த யோகோசூனா 2000 அக்டோபரில் லிவர்பூல் நகரத்து விடுதி அறையில் இறந்துகிடந்தார். வயசு 34!

பிரிட்டிஷ் புல்டாக் 39. மிஸ்டர் பெர்பெக்ட் 44. ரிக் ரூட் 40. கடைசி இரண்டு பேரும் மினசோட்டாவில் ஒரே பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் தெரியுமா? ராபின்ஸ்டேல் பள்ளி. நாலு வருஷ இடைவெளியில் இரண்டு பேரும் போனார்கள். ஒருவர் பல மருந்துகள் உடம்பில் கலந்ததால், மற்றவர் கொக்கெய்னால்.

டெக்ஸஸ் டொர்னேடோ ஞாபகமிருக்கிறதா? கெர்ரி வான் எரிக். அவருக்கு வலது பாதமே கிடையாது! 1986இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் எடுத்துவிட்டார்கள். செயற்கைப் பாதத்தைப் பூட்ஸுக்குள் மறைத்துக்கொண்டு, பார்க்கிற லட்சம் பேரில் ஒருவருக்கும் தெரியாமல், மேடையில் குதித்தார், ஓடினார், ஆளைத் தூக்கி அடித்தார். அந்த வலியைத் தாங்க மாத்திரை, மாத்திரையிலிருந்து மீள முடியாத நிலை, போதைப்பொருள் வழக்கு. 1993இல், 33 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்த வீட்டில் பிறந்த ஆறு பையன்களில் ஐந்து பேரைப் பறிகொடுத்த குடும்பம் அது. எல்லாம் மருந்தால் அல்ல, ஆனாலும் அந்தத் தாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது.

ஏன் இப்படி? கார்டில் "செஸ்ட்" என்று அங்குலக் கணக்குப் போட்டிருப்பார்களே, அந்த நெஞ்சுக்கு உள்ளே இருக்கிற இதயமும் தசைதான்! புஜத்தைப் பெருக்கவைக்கிற ஸ்டீராய்டு இதயச் சுவரையும் தடிக்கவைக்கிறது. தடித்த சுவர் விறைக்கிறது. நல்ல கொழுப்பு குறைகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, ரத்தக்குழாய் அடைக்கிறது. வெளியே 29 அடி மதில்!

இந்தச் சண்டைகளில் வெற்றி தோல்வி முன்னமே பேசி வைத்ததுதான். ஆனால் விழுவது நிஜம். மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம், மேலே பலகை, அதற்கு மேல் மெல்லிசான பஞ்சு. அவ்வளவுதான்! எண்பதுகளில் சிலர் வருஷத்துக்கு 300 நாள் அதில் விழுந்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள். மேடை ஏறாத நாளில் வருமானம் இல்லை. எனவே வலிக்கு ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை, மேலே மது. மூன்றும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகி நின்றுபோகும். டெஸ்ட் என்ற வீரர் 33 வயதில் வலி மாத்திரை மட்டும் அளவு மீறியே போனார்.

இன்னொன்று. பிள்ளைகளே, வைட்டமின் சாப்பிடுங்கள் என்று தொலைக்காட்சியில் சொன்ன ஹல்க் ஹோகன், 1994இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறி, பல வருஷம் ஸ்டீராய்டு எடுத்ததாக ஒப்புக்கொண்டார். அந்த வைட்டமினை நம்பி அம்மாவிடம் மாத்திரை கேட்டு அழுதவன் நான்.

அப்படியானால் மல்யுத்தமே ஆளைக் கொல்லுமா? நம் தாத்தாமார் வாய் ஓயாமல் பேசிய கிங்காங் - தாராசிங் சண்டை இருக்கிறதே, அதில் வந்த தாராசிங் 83 வயசு இருந்தார்! 1987இல் தொடங்கிய தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமாராக மலையைத் தூக்கியபோதே அவருக்கு அறுபது நெருங்கிவிட்டது. கிரேட் காமா 82. பாலும் பாதாமும் தண்டாலும் பஸ்கியும் வளர்த்த உடம்புகள்.

நம் குமரி மாவட்டத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உயிர்நிலைகளான 108 வர்மத்தில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அடிக்கக் கற்றுத்தரும் ஆசானுக்கே வர்ம அடியிலிருந்து மீட்கும் இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும், தடவவும் கட்டுப்போடவும் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது இங்கே தொழில் விதி! கட்டு அவிழும்வரை களரிக்குள் கால் வைக்க ஆசான் விடமாட்டார். வலியை மறைத்துக்கொண்டு மறுநாளே சண்டைக்கு இறங்குகிற பேச்சே இல்லை.

இப்போது நிலைமை என்ன தெரியுமா? அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் விழுந்தால் தூக்கிவிடப் போடுகிற மருந்து மெபென்டர்மின். அதை ஜிம்முக்குப் போகிற பையன்கள் ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் போலீஸ் இந்தக் குப்பிகளைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் கோட்டைக்குப் போயிருந்தேன். நாங்கள் கார்டு ஆடிய அதே மதிலில் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பையன் போனுக்கு முன்னால் புஜம் முறுக்கிக்கொண்டிருந்தான். இருபது வயசு இருக்கலாம். அழகான உடம்பு. பேச்சு கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவனாகவே சொன்னான், "ஒரு கோர்ஸ்தாண்ணே, போட்டி முடிஞ்சதும் நிறுத்திருவேன்."

எடி கெரேரோவைத் தெரியுமா மக்களே என்று கேட்டேன். தெரியும் என்றான், வீடியோ பார்த்திருக்கிறானாம். மாத்திரையும் மதுவும் அவரைச் சீரழித்ததையும், அந்த இரண்டையும் விட்டு மீண்டு வந்து 2004இல் சாம்பியன் பட்டம் வாங்கியதையும் சொன்னேன். 2005 நவம்பர் 13 காலையில், விட்டு நாலு வருஷமான பிறகு, மினியாபொலிஸ் விடுதி அறையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு கிடந்ததைச் சொன்னேன். வயசு 38. இதயம் வீங்கியிருந்தது, குழாய்கள் அடைத்திருந்தன.

பையன் சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல் நின்றான்.

"நிறுத்தின பொறவுமாண்ணே?"