இலவங்காய்ப் பூச்சியும் வெண்டைக்காய்ச் செடியும்

தாப்பா, பீடோர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிப் போகிறவர்கள் கெக்காபு மரத்தடியில் பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர் இலவமரம் என்றது அதைத்தான். காய் வெடித்து விழுந்த இடத்தில் சிவப்புப் பூச்சிகள் மொய்த்துக் கிடக்கும். முதுகில் இரண்டு கறுப்புப் பொட்டு. வாலோடு வால் ஒட்டி, ஒன்று இழுக்க மற்றது பின்னாலே நடக்கும். அது ஆணும் பெண்ணும். நாள் கணக்கில்கூட அப்படியே திரியும்.

இதற்குப் பல் கிடையாது. ஊசி மாதிரி வாயைக் கொட்டைக்குள் செருகி, எச்சிலை விட்டுப் பருப்பைக் கரைத்து உறிஞ்சிவிடும். இலவு, பருத்தி, பூவரசு, செம்பருத்தி, வெண்டை எல்லாம் ஒரே குடும்பம். இதன் சாப்பாடும் அங்கேதான். பருத்திக் காயைக் குத்தினால் பூஞ்சணம் புகுந்து பஞ்சில் கறை ஏறும். இலவு காத்த கிளி ஏமாந்தது, இந்தப் பூச்சி ஏமாறவில்லை! அதற்குப் பஞ்சு வேண்டாம், கொட்டை போதும்.

மனுசனை இது ஒன்றும் செய்யாது. ஆனால் வெண்டைச் செடியில் நாலு பூச்சியைக் கண்டதும், தோட்டத்து ஸ்டோரில் மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்து அடிக்கிறவர்கள் உண்டு. இது பெரிய தப்புங்க. நாம் மருந்து என்கிறோம். டின்னில் 'ராச்சுன்', அதாவது விஷம் என்றுதான் எழுதியிருக்கிறது. தேயிலைக்கு அளந்த விஷத்தை, நாளைக்குக் குழம்பில் போடும் காய்க்கு அடிக்கலாமா? சோடாப் போத்தலைப் பிள்ளை எடுத்துக் குடித்தால் யார் பதில் சொல்வது?

தாய்மார்களே, வெண்டைக்காயைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள். முற்றிய கொட்டைக்குத்தான் பூச்சி வரும். முற்றல் காயைச் செடியில் விடாதீர்கள், விழுந்ததைப் பொறுக்கிவிடுங்கள். பூச்சியைச் சவுக்காரத் தண்ணீரில் உதறினால் செத்துப்போகும். செலவே இல்லை.

இதற்குச் சொந்தக்காரன் ஒருவன் நம் தேயிலையிலும் உண்டு. தேயிலைக் கொசு என்பார்கள், கொசு அல்ல. அவன் கொட்டையை விட்டுவிட்டுக் கொழுந்தைக் குத்துகிறான். குத்திய இடம் பழுப்புப் புள்ளியாகி, கொழுந்து கருகிச் சுருளும். முட்டையை இளந்தண்டுக்குள் வைப்பதால், நாள் தவறாமல் கொழுந்து எடுத்தால் முட்டையும் கூடைக்கு வந்துவிடும். சுற்று தள்ளிப்போனால் பூச்சி பெருகும். அப்புறம் நிறுவையில் எடை குறையும்போது "கை சுணக்கம்" என்று பெண்களைத் திட்டுவது நியாயமா? கருகிய கொழுந்தைக் கையோடு எடுத்துப்போய் மண்டோரிடம் காட்டுங்கள், கூடவே தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.