சாணிமேல் காத்திருக்கும் வேட்டைக்காரன்

ஆகஸ்ட் மாத வெயில். தெற்கு இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலத்தில், மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்த மாட்டுச் சாணி கிடக்கிறது. அதன்மேல் கதண்டு போன்ற ஒரு பூச்சி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றின் முன்பாதி கறுப்பு. பின்பாதி பளிச்சென்ற மஞ்சள். பார்த்தவுடன் கால் தானாகப் பின்வாங்கும். ஆனால், அதற்குக் கொடுக்கே கிடையாது. அது ஒரு ஈ!

உலகில் 7,000-க்கும் மேற்பட்ட கொள்ளை ஈ இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான இதன் பெயர் அசிலஸ் கிராப்ரோனிஃபார்மிஸ். கிராப்ரோனிஃபார்மிஸ் என்றால் ‘கதண்டு உருவம் கொண்டது’ என்று பொருள்; இந்தப் பெயரை 1758-ல் சூட்டியவர் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ். சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம் வளரும் இது, பிரிட்டனின் மிகப்பெரிய ஈக்களில் ஒன்று.

வெட்டுக்கிளியோ சாண வண்டோ அருகில் வந்தால் போதும், ஒரே பாய்ச்சல். முள் அடர்ந்த கால்கள் இரையை இறுக்கிக்கொள்ள, ஊசி போன்ற வாய் உள்ளே இறங்கும். அதன் உமிழ்நீர் இரையை முடக்கி, உள்ளுறுப்புகளைக் கூழாக்கிவிடும். பிறகு நிதானமாக உறிஞ்சிக் குடிக்கும். துடிக்கும் இரையிடமிருந்து முகத்தைக் காப்பவை வாய்க்கு மேலே உள்ள மீசை முடிகள்.

ஜூலை முதல் அக்டோபர் வரைதான் இந்த ஈயின் நடமாட்டம். ஆகஸ்ட், செப்டம்பரில் அதிகம் கண்ணில் படும். மாட்டுச் சாணி, குதிரை லத்தி, முயல் புழுக்கை ஆகியவற்றை ஒட்டியே பெண் ஈ முட்டையிடுகிறது. புழுக்கள் மண்ணுக்குள் சாண வண்டின் புழுக்களைத் தின்று வளர்வதாகக் கருதப்படுகிறது. ஆக, ஏர் படாத, உரம் போடாத பழைய புல்வெளி வேண்டும். அதில் மாடு மேய வேண்டும். சாணியில் வண்டு வாழ வேண்டும். தெற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவை மூன்றும் கூடிய இடங்களில்தான் இந்த ஈ பிழைத்திருக்கிறது.

மேய்ச்சல் நிலங்கள் உழப்பட்டது இந்த ஈக்கு ஓர் அடி. இன்னோர் அடி, மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து. ஐவர்மெக்டினைத் தந்த கண்டுபிடிப்புக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களின் கண்பார்வையையும் காத்த மருந்து அது. ஆனால், மாட்டுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி சாணியோடு வெளியேறி, அதில் வளரும் பூச்சிப் புழுக்களைக் கொல்கிறது. சாணி கிடக்கும், உள்ளே உயிர் இருக்காது.

பிரிட்டனில் பாதுகாப்புக்கு முன்னுரிமை பெற்ற இனங்களின் பட்டியலில் இந்த ஈயும் இருக்கிறது. மருந்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. சாணியைப் பரிசோதித்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். மருந்து கொடுத்த மாடுகளைச் சில வாரங்கள் வேறிடத்தில் கட்டலாம். ஈ முட்டையிடும் மாதங்களில், மருந்து படாத சில மாடுகளாவது அந்தப் பழைய புல்வெளியில் மேய்ந்தால், அதற்குத் தேவையான சாணி அங்கே கிடைக்கும்.