ஸ்டாப் பக்கத்துலதான்... வேலை எவ்வளவு தூரம்?

ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குச் சுமார் 21 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அதே ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குக் கிட்டத்தட்ட அதில் பாதி தூரம்தான். பருத்திப்பட்டு, கோவர்த்தனகிரி, சென்னீர்க்குப்பம் என ஒரே சாலை. ஆனால் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேரும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், பல நாள்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

காரணம் பழையது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனதே இந்த ஆவடி வழியாகத்தான். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என வேலைகளும் அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வந்தன. பூந்தமல்லிக்கு ரயில் இல்லை, நெடுஞ்சாலை மட்டும்தான். அதுவும் நகரத்தைப் பார்த்தே போகிறது. இப்போது வேலையோ போரூர், மணப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று பக்கவாட்டில் பரவிவிட்டது. பாதைகள் கிழக்கே போக, வேலை தெற்கே போய்விட்டது.

இந்தச் சிக்கல் அரசாங்கக் கணக்குகளில் சட்டென்று தெரியாது. ஆயிரம் பேருக்கு 0.6 பஸ்ஸோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம் என்கிறது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளோ, வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் பஸ் ஸ்டாப், அல்லது ஒரு கிலோமீட்டரில் ரயில் நிலையம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. மெயின் ரோட்டை ஒட்டிய தெருவில் குடியிருந்தால் பாஸ்! அந்த ஸ்டாப்பில் பஸ் எப்போது வரும், எங்கே போகும் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை.

லண்டனில் 1992-ல் இன்னும் கொஞ்சம் நுணுக்கமான ஒரு கணக்கு பிறந்தது. வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு நடக்கும் நேரம், சராசரியாகக் காத்திருக்கும் நேரம், பஸ் தாமதத்துக்காக 2 நிமிடம்... மூன்றையும் கூட்ட வேண்டும். 5 நிமிட நடை, 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், 5+5+2 ஆக 12 நிமிடம். அதே ஸ்டாப்பில் அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் 22 நிமிடம். ஸ்டாப் நகரவில்லை, ஆனால் தூரமாகிவிட்டது! இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. வண்டியில் ஏறும் வரைதான் கணக்கு, எங்கே இறங்குகிறோம் என்பது அதில் இல்லை.

அதற்கான பதிலை அமெரிக்க ஆய்வாளர் வால்டர் ஹான்சன் 1959-லேயே எழுதிவிட்டார். எத்தனை வாய்ப்புகளை எட்ட முடிகிறது, அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள் என்றார். எளிமையாகச் சொன்னால், வாசலைத் தாண்டிய 45 நிமிடத்துக்குள் எத்தனை வேலை, எத்தனை மருத்துவமனை, எத்தனை கல்லூரி?

இந்தக் கணக்கைப் போடும்போதுதான் சுவாரஸ்யமே. கோவர்த்தனகிரியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்மென்ட்ஸ் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஆவடிக்கு ஒரு வண்டி, அங்கிருந்து ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கி நடை. கம்பெனி எஸ்டேட்டின் தெற்குப் பக்கம் இருந்தால் அந்த நடையே ஒன்றிரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ பிடித்தால் நேரம் மிச்சம், காசு செலவு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் அவர் டீலக்ஸை விட்டுவிட்டு இலவச பஸ்ஸுக்காக நிற்கலாம். மேப்பில் 45 நிமிடம் என்று காட்டும் பயணம் அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. மிச்சமாகும் பணம் மாதச் சம்பளத்தில் சேர்கிறது. அவர் கணக்கில் தப்பே இல்லை. நிமிடத்தை மட்டும் எண்ணும் அளவுகோலுக்குத்தான் இது தெரியாது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து இரவில் திரும்பும்போது கணக்கு மறுபடியும் மாறும்.

வேலை மட்டுமல்ல. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு கொடுக்க ஆவடிக்காரர் ரயிலில் போய்விடலாம். பூந்தமல்லிக்காரருக்கு பஸ்தான். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்கு மாறியதால் அங்குள்ளவர்கள் கடற்கரைப் பக்கம் போகிறார்கள்.

மெட்ரோ வந்தால்? 26 கிலோமீட்டர் நீளமுள்ள பூந்தமல்லி - கலங்கரை விளக்கம் பாதையின் மேற்குப் பகுதியில், முல்லைத்தோட்டம் வரை 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. போரூர், வடபழனி போகிறவர்களுக்கு அது நிச்சயம் வரம். கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை இன்னொரு மெட்ரோ திட்டமும் இருக்கிறது. கவனித்தீர்களா? இரண்டும் கிழக்கு மேற்காகத்தான் ஓடும். ஆவடி - பூந்தமல்லி குறுக்குப் பயணத்துக்கு அப்போதும் பஸ்தான் கதி. குறைந்த செலவில் உடனே செய்யக்கூடியதும் அதுதான்: அந்தச் சாலையில் பஸ்ஸைக் கூட்டுவது, ரயில் நேரத்தோடு பொருந்த ஓட்டுவது.

உங்கள் தெருவின் கணக்கை நீங்களே போடலாம். மொபைல் மேப்பில் பொதுப் போக்குவரத்தைத் தேர்வு செய்து, திங்கட்கிழமை காலை 7 மணி, ஞாயிறு இரவு 9 மணி என்று இரண்டு முறை பாருங்கள். வேலை செய்யும் இடம், பெரிய அரசு மருத்துவமனை, பிள்ளையின் கல்லூரி மூன்றுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேப் சொல்லும் நடைநேரத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய தெரு சேராது. அதற்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.