விரிவுரையாளருக்கும் ஒரு துண்டா?

பழைய ஊவாத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்ன தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விட்டுவிடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் அச்சீட்டு இல்லாமல், நமுனுகுலை அடிவாரத்திலிருந்து ஒருவன் ஹப்புத்தளைக்குச் சென்று வேறு தோட்டத்தில் பேர் பதிய இயலாது. தான் வாசிக்கவும் அறியாத காகிதமொன்று தன் ஜீவனத்தை நிர்ணயித்த அக்கொடுமை 1921-இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. அவனுடைய சந்ததியார் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் கற்கின்ற இந்நாளில், இன்ன விரிவுரையாளர் வகுப்பில் இன்ன கட்சிக்கு விரோதமாகப் பேசினார் என்று இரகசியமாக எழுதப்படும் குறிப்பு எதுவும் அந்தத் துண்டின் மறுபிறவியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

வெளியிலிருந்து வரும் ஒரு கடிதம் எவ்வளவு செய்யும் என்பதற்கு உதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறைத் தலைவராயிருந்த குமாரவடிவேல் குருபரன், 1996-இல் நாவற்குழியில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காக நீதிமன்றத்தில் ஆஜரானார். இராணுவம் அதைக் குறித்து எழுதிக் கேட்டபின், 2019-இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பணிப்பின்படி அவர் வழக்காடுவது தடுக்கப்பட்டது. 2020 ஜூலையில் அவர் பதவியைத் துறந்தார்.

வகுப்பறையில் நேரும் நஷ்டமோ இவ்வாறு வெளியே தெரிவதில்லை. தேயிலைத் தொழிலைக் கற்பிப்பவர், நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாவான வரலாற்றைத் தொடாமல் உற்பத்திச் செலவை விளக்க முடியுமா? மேசையில் கவிழ்த்துவைத்த கைத்தொலைபேசி தம் பேச்சைப் பதிகிறதென்று ஐயுற்ற கணத்தில் அவர் அப்பக்கத்தைப் புரட்டிவிடுவார். லயத்துப் பிள்ளை தன் தாயின் சம்பளக் கதையை அறியாமலே பட்டம் பெறும்.

பட்சபாதமுள்ள ஆசிரியரும் உளர் என்பதை மறுக்கவில்லை. அபிப்பிராய பேதத்துக்காகப் புள்ளியைக் குறைத்தால், மாணவர் தம் பெயரிட்டுப் பீடாதிபதியிடம் எழுத்தில் முறையிடட்டும். அம்முறைப்பாட்டுக்கு ஆசிரியர் விடையளிக்கலாம், இரகசியக் குறிப்புக்கு அளிக்க முடியாது.

சிந்தனைச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரையும், அரசியல் அபிப்பிராயங் காரணமாகப் பாரபட்சம் காட்டப்படாமையை 12(2)-உம், பேச்சுச் சுதந்திரத்தை 14(1)(அ)-உம் தருகின்றன. இவற்றுள் கடைசி இரண்டும் பிரஜைக்கு உரியவை. 1948-இல் பிரஜாவுரிமையை இழந்த மக்களின் வழிவந்த நாம் அதன் அருமையை அறிவோம். விரிவுரையாளரே, உங்களைப்பற்றிப் பல்கலைக்கழகம் வைத்துள்ள குறிப்பைக் கேட்க, 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடந்தருகிறது. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதவி நீக்கம் போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை உண்டு. கட்சியொன்று தானே வைத்திருக்கும் பட்டியலுக்கு எதிராக அடிப்படை உரிமை வழக்குச் செல்லாது. அதைக்கொண்டு அரச நிர்வாகம் உங்கள்மேல் நடவடிக்கை எடுத்தால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைக் காரியாலயத்தில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது. ஆனால் முறைப்பாட்டைக் கையளித்தது மட்டும் போதாது, விசாரணை நடைபெறுவதற்கு எழுத்துச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள்.

நடவடிக்கையை அறிவிக்கும் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் உறையின் மேலேயே அன்றைக்கே எழுதிவையுங்கள்.