காரணம் சொல்லும் பிரெஞ்சுச் சொற்கள்

பிரெஞ்சில் காரணம் சொல்லும் இணைப்புச் சொற்களில் முதலிடம் 'பார்ஸ் கெ'வுக்கு. 'பூர்குவா', அதாவது 'ஏன்' என்று கேட்டால் பதில் இதைக் கொண்டுதான் தொடங்கும். 'இல் நெ வியேன் பா பார்ஸ் கில் ஏ மலாத்' என்றால் 'உடம்பு சரியில்லாததால் அவன் வரவில்லை' என்று பொருள். கேட்பவருக்குத் தெரியாத காரணத்தைப் புதிதாகத் தருவதால், இது பெரும்பாலும் முதன்மை வாக்கியத்துக்குப் பின்னால் வரும். 'ஏன், ஏன்' என்று நச்சரிக்கும் பிள்ளையிடம் 'பார்ஸ் கெ!' என்று மட்டும் சொல்லி வாயடைப்பதும் உண்டு. காரணமே சொல்லாமல் காரணச் சொல்லை ஆளும் சாமர்த்தியம் அது!

'கார்' எழுத்து நடைக்கு உரியது. லத்தீனில் 'ஏன்' என்று பொருள்படும் 'குவாரே'யிலிருந்து வந்தது. முதன்மை வாக்கியத்துக்கு முன்னால் இதை வைக்க முடியாது. 'பூர்குவா'வுக்குப் பதிலாகவும் வராது. 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்னஞ்சிறு சொல்லை மொழியிலிருந்தே விரட்டப் பார்த்தார்கள். நாவலாசிரியர் கோம்பர்வில் அதற்குப் பரம எதிரி. கவிஞர் வுவாத்தியூர் கேலி ததும்பும் ஒரு கடிதம் எழுதி அதற்காக வாதாடினார். சொல் பிழைத்துக்கொண்டது.

நுட்பம் மிகுந்தது 'புயிஸ்க்'. கேட்பவரும் ஒத்துக்கொள்ளும் காரணத்தை எடுத்துக்காட்டி, அதன்மேல் முடிவை நிறுத்துவது இதன் வேலை. 'அவர் வீட்டில்தான் இருக்கிறார், விளக்கு எரிகிறதே' என்கிறோம். விளக்கு எரிவதால் அவர் வீட்டில் இருக்கவில்லை. அவர் இருக்கிறார் என்று நாம் சொல்வதற்குத்தான் விளக்கு ஆதாரம். இங்கே 'புயிஸ்க்' பொருந்தும், 'கார்' பொருந்தும். 'பார்ஸ் கெ' போட்டால் விளக்கே அவரை வீட்டில் பிடித்து வைத்திருப்பதாகத் தொனிக்கும். இந்த மூன்று சொற்களின் வேறுபாட்டை ஆராய்ந்து 1975இல் 'லாம்டா-எல்' என்ற ஆய்வாளர் குழு வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த வேறுபாடு எதிர்மறையில் பளிச்சென்று தெரியும். 'மழை என்பதற்காக அவன் வரவில்லை என்றில்லை, வேறு காரணம்' என்று மறுக்க 'பார்ஸ் கெ' இடம் தரும். 'புயிஸ்க்' தரும் காரணமோ முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டது. மறுப்பு அதைத் தொடாது.

'கொம்' காரணப் பொருளில் வாக்கியத்தின் தலையில்தான் நிற்கும். 'கொம் இல் ப்ளே, ழெ ரெஸ்த்': மழை பெய்வதால் நான் கிளம்பவில்லை. பின்னால் தள்ளினால் 'போல' என்ற இன்னொரு பொருள் குறுக்கிட்டுக் குழப்பும்.

'வ்யு கெ', 'எத்தாந்த் தொன்னே கெ' இரண்டும் 'இன்ன நிலையைக் கருதி' என்னும் தொனியில் வருபவை. இரண்டாவது அலுவலகக் கடிதங்களுக்குப் பொருத்தம். 'தோத்தாந் கெ' ஏற்கெனவே உள்ள காரணத்துக்கு மேலும் ஒன்றைச் சேர்த்து வலுவூட்டும். 'சூ ப்ரெதெக்ஸ்த் கெ' என்று தொடங்கினால், சொல்லப்படும் காரணம் வெறும் சாக்கு என்று பேசுபவர் கருதுகிறார். 'நோன் கெ' ஒரு காரணத்தை முன்கூட்டியே தள்ளிவிடும்: 'அவன் சோம்பேறி என்பதல்ல, களைத்துப்போயிருக்கிறான்.' நடந்ததாக ஏற்காத செய்தி என்பதால், இதையடுத்து வரும் வினை மட்டும் 'சுப்ழோங்க்திஃப்' என்னும் தனி வினை வடிவம் எடுக்கும். மற்றவற்றில் வினை பொதுவாகச் சாதாரண வடிவிலேயே இருக்கும்.