கூலியா, பங்கா?

பிள்ளையார்பாளையத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பின்கட்டில் அப்பாவின் தறி. 2022-ல் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல் இறங்கவே இல்லை. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்'. கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று பொருள். கடைசியில் மெரோபெனம் ஊசிதான் காப்பாற்றியது. அதுவும் கைவிட்டால்? அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

அதனால்தான் 2024 பிப்ரவரியில் வந்த செய்தியை இரண்டு தடவை வாசித்தேன். செஃபெபீமும் என்மெட்டாசோபாக்டமும் சேர்ந்த ஊசிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்திருந்தது. செஃபெபீம் பழைய மருந்து. கிருமி ஒரு நொதியைச் சுரந்து அதை அறுத்துவிடும். என்மெட்டாசோபாக்டம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தது சென்னை ஆர்க்கிட் நிறுவனம். அதன் ஆலத்தூர் ஆலை முன்பு எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

கண்டுபிடித்தால் மட்டும் மருந்தாகிவிடாது. பல நாடுகளில் நோயாளிகளிடம் சோதிக்கப் பெரும் பணம் வேண்டும். வழக்கமாகச் சின்ன கம்பெனி கண்டுபிடிக்கும், பெரிய கம்பெனி பணம் போடும். 1978-ல் ஜெனென்டெக் எலி லில்லியோடு சேர்ந்தது அப்படித்தான். 1982-ல் மனித இன்சுலின் வந்தது. இங்கே தலைகீழ். ஆர்க்கிட்டிடம் உரிமம் வாங்கியது, 2013-ல் தொடங்கிய அல்லெக்ரா என்ற ஐரோப்பிய ஸ்டார்ட்அப். முதலீடு திரட்டிச் சோதனையை நடத்தியதும் அதுதான். சிக்கலான சிறுநீர்த் தொற்றில் புது ஊசி 79 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது. ஒப்பிட்ட மருந்து 59 சதவீதம் பேருக்கு.

"கண்டுபிடிச்சவங்களுக்கு என்னடி கெடைக்கும்? கூலியா?" என்று அம்மா கேட்டார்.

கூலி இல்லை. இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்தின்போது ஒரு தொகை, ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒரு தொகை, பிறகு விற்பனையில் ராயல்டி என்று எழுதிக்கொள்வார்கள். ஆர்க்கிட்டுக்கு ராயல்டியோடு, இந்தியாவில் விற்கும் உரிமையும் உண்டு. இங்கே மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகச் சிப்லாவோடு கைகோத்திருக்கிறது.

அப்பா ஒரு கோர்வைக் கரைக்குத் தானே போட்ட மயில் டிசைன் இன்றும் வேறு தறிகளில் ஓடுகிறது. அவருக்குக் கிடைத்தது அவர் நெய்த புடவைகளுக்கான கூலி மட்டும். அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

தறியில் உட்கார்ந்தபடியே அப்பா சொன்னார்: "எழுதும்போதே கேட்டு வாங்கியிருக்காங்க." மயில் வரைந்த அந்தக் கிராஃப் தாள் இன்னும் அவர் பெட்டியில்தான் இருக்கிறது.