கதை இருவருடையது, கையெழுத்து யாருடையது?

நண்பர் இயக்குநராக முயன்றுகொண்டிருக்கிறார். உங்களுக்கு எழுத வரும். இருவரும் சேர்ந்து ஒரு மர்மக் கதையைப் பேசிப் பேசி ஒன்லைன் ஆக்கி, சீன் ஆர்டர் போட்டு, வசனமும் எழுதி, பவுண்ட் ஸ்கிரிப்டாகவே கையில் வைத்திருக்கிறீர்கள். தயாரிப்பாளர் மட்டும் அமையவில்லை. வருஷங்கள் ஓடுகின்றன. திடீரென்று ஒரு நிறுவனம், “த்ரில்லர் ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்று உங்களில் ஒருவரைக் கேட்கிறது. அந்த ஸ்கிரிப்ட் யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் முதல்முறையாக எழுகிறது.

கதைத் திருட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. படமாகாத கூட்டுத் திரைக்கதைகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து முடக்கம். இருவரில் ஒருவர் சம்மதிக்காமல் மற்றவரால் விற்க முடியாது. இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டால் ஸ்கிரிப்ட் அலமாரியிலேயே கிடக்கும். இதைத் தடுக்கும் காகிதத்தில் கையெழுத்து வாங்கச் சரியான நேரம், ஸ்கிரிப்டுக்கு இன்னும் விலையே வராத நேரம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த அந்த நொடியிலேயே திரைக்கதைக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஒருவர் பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி இருவர் சேர்ந்து உருவாக்கியதை, ‘கூட்டுப் படைப்பு’ என்கிறது சட்டத்தின் 2(இசட்) பிரிவு. ஒருவர் திரைக்கதையை மட்டும், மற்றவர் வசனத்தை மட்டும் தனித்தனியே எழுதியிருந்தால், அவரவர் எழுதியதற்கு அவரவரே தனி உரிமையாளர் என்ற வாதத்துக்கும் இடமுண்டு.

கூட்டுப் படைப்பின் பதிப்புரிமை, இருவரில் கடைசியாக மறைபவரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். நண்பர் இறந்துவிட்டால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும். அதன் பிறகு விற்பதானால் அவர்களுடைய கையெழுத்தும் வேண்டும்.

ஒரு கூட்டு உரிமையாளர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் தன்னிச்சையாக உரிமம் கொடுக்க முடியாது என்று 2008-இல் அங்கத் ஆர்ட்ஸ் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நண்பர் உங்களுக்குத் தெரியாமல் விற்க முடியாது என்பதால் இது உங்களுக்குப் பாதுகாப்பு. நீங்களும் அவரில்லாமல் விற்க முடியாது என்பதால் இதுவே பூட்டும்கூட.

ஒன்லைனுக்கு உரிமை இல்லை

மர்மக் கதை எழுதுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஆர்.ஜி.ஆனந்த் என்ற நாடக ஆசிரியர், தன் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைப் பார்த்துத்தான் ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படத்தை எடுத்தார்கள் என்று வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978-இல் அவர் தோற்றார். கரு, கதைப்பொருள், பொதுவான கதைப்போக்கு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கும் அமைப்புக்கும்தான் உண்டு என்றது நீதிமன்றம். இன்றுவரை கதை வழக்குகள் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பைத் தொட்டுத்தான் நகர்கின்றன.

‘ஓய்வுபெற்ற தபால்காரர், பட்டுவாடா ஆகாமல் போன ஒரு பழைய கடிதத்தை வைத்துக் கொலையாளியைக் கண்டுபிடிக்கிறார்’ என்பது ஒரு ஒன்லைன். இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஏழாவது சீனில் கடித உறையின் முத்திரைத் தேதி போகிற போக்கில் தெரிகிறது. இருபத்து மூன்றாவது சீனில் அந்தத் தேதியில் தான் ஊரிலேயே இல்லை என்று மருமகன் சாதாரணமாகச் சொல்கிறான். அறுபதாவது சீனில் இரண்டும் மோதுகின்றன. எந்தத் துப்பை எங்கே வைப்பது, பார்வையாளனை எந்தப் பக்கம் திருப்புவது, எப்போது உடைப்பது என்ற இந்த வரிசைதான் வெளிப்பாடு. உரிமை இதில்தான் இருக்கிறது. ஆகவே ‘ட்விஸ்ட் என் மனசுல இருக்கு’ என்பது போதாது. அது சீன் ஆர்டராகத் தாளில் இருக்க வேண்டும்.

வெறும் கருவைக் காப்பாற்ற இன்னொரு வழியும் உண்டு. நம்பிக்கையின்பேரில் ரகசியமாகச் சொன்னதை ஒருவர் பயன்படுத்திக்கொண்டால், அது நம்பிக்கை மீறல். சன்டயல் நிறுவனம் சொன்ன தொலைக்காட்சித் தொடர்க் கரு தொடர்பான வழக்கில், 2003-இல் ஜீ நிறுவனத்துக்கு எதிரான தடையை மும்பை உயர் நீதிமன்றம் இதன் அடிப்படையிலும் உறுதி செய்தது. எனவே நரேஷன் போவதற்கு முன்னும் பின்னும், ‘இந்தக் கதையை உங்கள் பரிசீலனைக்காக மட்டும் ரகசியமாகச் சொல்கிறோம்’ என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

பேசியவரா, எழுதியவரா?

“கதை முழுக்க நான் சொன்னது, அவர் டைப்தான் அடிச்சார்.” “அவர் ரெண்டு வரிதான் சொன்னார், உட்கார்ந்து எழுதினது நான்.” இந்தச் சண்டை சினிமாவுக்கு வெளியிலும் நடந்திருக்கிறது. மௌலானா அபுல் கலாம் ஆசாத் உருதுவில் பேச, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதி, ஆசாத் பார்த்துத் திருத்தி உருவான நூல் ‘இந்தியா வின்ஸ் ஃபிரீடம்’. அது யாருடைய படைப்பு என்ற கேள்வி 1980-களின் இறுதியில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, இருவரையும் கூட்டு ஆசிரியர்களாகவே நீதிமன்றம் பார்த்தது. பேனா பிடித்தவர் மட்டுமே ஆசிரியர் என்பதில்லை.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2016-இல் வந்த ‘ஃப்ளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ்’ படத்தின் திரைக்கதை நிக்கோலஸ் மார்ட்டின் பெயரில் வெளியானது. அவருடன் வாழ்ந்த பாடகி ஜூலியா கோகன், அதில் தனக்கும் பங்குண்டு என்றார். முதல் நீதிபதி மார்ட்டின் மட்டுமே ஆசிரியர் என்றார். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2021-இல் கோகன் கூட்டு ஆசிரியர்தான், அவர் பங்கு 20 சதவீதம் என்று தீர்ப்பானது. தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்தால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும் விஷயம் இது.

எல்லா யோசனையும் பங்காகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டிஸ்கஷனில் உட்கார்ந்து ‘கிளைமாக்ஸ்ல மழை வைக்கலாம்’ என்று சொன்னவர் கூட்டு ஆசிரியர் ஆகிவிட மாட்டார். கதையின் உருவத்தில் கணிசமான பங்களிப்பு இருக்க வேண்டும்.

நட்பு உடைகிற இடம்

எழுத்தாளருக்கு ஸ்கிரிப்ட் ஒரு சரக்கு; நல்ல விலைக்குப் போனால் சரி. இயக்குநர் நண்பருக்கோ அது முதல் பட வாய்ப்பு. ஒரு தயாரிப்பாளர், “கதை பிரமாதம், ஆனா வேற டைரக்டர் வச்சுப் பண்ணிக்கிறேன்” என்று சொல்லும் நாளில் இந்த இரண்டு நோக்கமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் ஒருவர் விற்கலாம் என்பார், மற்றவர் முடியாது என்பார். கூட்டுத் திரைக்கதைகள் பலவும் மாட்டிக்கொள்ளக்கூடிய சந்து இதுதான்.

இரண்டாவது ஆபத்து, தயாரிப்பாளர் இயக்குநருடன் மட்டும் ஒப்பந்தம் போடுவது. அதில் ‘இந்தக் கதை முழுக்க என் சொந்தப் படைப்பு, உரிமைப் பிரச்சினை வந்தால் நானே பொறுப்பு’ என்று ஒரு ஷரத்து வழக்கமாக இருக்கும். நண்பர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். பிறகு டைட்டிலில் ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ நான்கும் ஒரே பெயரில் வர, உங்கள் பெயர் ‘கதை விவாதம்’ பட்டியலில் ஏழு பேருக்கு நடுவே ஓடி மறையும். சட்டத்தின் 57-ஆவது பிரிவு, படைப்பு தன்னுடையது என்று உரிமை கோர ஆசிரியருக்கு இடம் தருகிறது. உரிமையை விற்ற பிறகும் இது போகாது.

இரண்டு பக்கக் காகிதம்

கூட்டாக எழுதத் தொடங்கும்போதே ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் அவசியம் இருக்க வேண்டியவை:

• கதையின் தலைப்பு, யார் சொன்ன கரு, யார் என்ன எழுதுகிறார்கள்.
• உரிமையிலும் சம்பளத்திலும் யாருக்கு எத்தனை சதவீதம். ரீமேக், டப்பிங், வெப் தொடர், நாவல் வடிவத்துக்கும் சேர்த்து.
• டைட்டிலில் பெயர் எந்தத் தலைப்பின்கீழ், எந்த வரிசையில் வரும்.
• நண்பர்தான் இயக்குநர் என்ற நிபந்தனை எத்தனை காலத்துக்குச் செல்லும்.
• பிரிய நேர்ந்தால் என்ன செய்வது.

கடைசி இரண்டையும் சேர்த்து மாதிரிக்கு இப்படி எழுதலாம்: ‘இன்றிலிருந்து 36 மாதங்களுக்குள் தயாரிப்பு ஒப்பந்தம் ஆகாவிட்டால், இயக்குநர் நிபந்தனை முடிவுக்கு வரும். அதன்பின் இருவரில் யாரும் திரைக்கதையை விற்கலாம். மற்றவர் கொடுத்த சம்மதமாக இந்த ஒப்பந்தமே கருதப்படும். கிடைக்கும் எழுத்துச் சம்பளம் மேலே சொன்ன விகிதத்தில் பிரிக்கப்படும். திரைக்கதை என்ற தலைப்பின்கீழ் இருவர் பெயரும் வரும்.’ இந்த ஐந்து வரி இருந்தால் பூட்டு தானே திறந்துகொள்ளும்.

தயாரிப்பாளருக்கு உரிமையை எழுதிக்கொடுக்கும்போதும் கவனம் தேவை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஆகாது. அப்படி எழுதிய வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே படம் பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுத்தாளருக்கு உள்ள சமபங்கை எழுதி வாங்கிவிட முடியாது.

எது சாட்சி, எது சாட்சியல்ல

ஸ்கிரிப்டைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைக்கும் பழக்கம் உதவி இயக்குநர்களிடம் உண்டு. அது அதிகபட்சம் தேதிக்கு ஒரு சாட்சி. உரிமைப் பத்திரம் அல்ல. பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே பதியலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். விண்ணப்பத்தில் இருவர் பெயரையும் ஆசிரியர்களாகக் கொடுங்கள்.

எழுத்தாளர் சங்கப் பதிவும் கைகொடுக்கும். 2018-இல் ‘சர்கார்’ படத்தின்போது, 2007-இல் சங்கத்தில் பதிந்துவைத்த ‘செங்கோல்’ கதையைக் கொண்டுதான் எழுத்தாளர் வருண் ராஜேந்திரன் உரிமை கோரினார். அப்போது சங்கத் தலைவராக இருந்த கே.பாக்யராஜ் அவர் பக்கம் நின்றார். படம் வெளியாகும் முன்பே நீதிமன்றத்தில் சமரசம் ஆனது.

தேதியிட்ட ஒவ்வொரு டிராஃப்ட், மெயில், வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். போனை மாற்றும்போது பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிரச்சினை வந்துவிட்டால்

முதலில் நண்பருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சண்டை போட்டால் எதுவும் பதிவாகாது. அடுத்தது சங்கத்தில் புகார். அதன்பின் வழக்கறிஞர் நோட்டீஸ். ஆதாரமில்லாமல் நோட்டீஸ் விட்டு மிரட்டினால், எதிராளி உங்கள்மீதே வழக்குப் போட 60-ஆவது பிரிவு இடம் தருகிறது.

நீதிமன்றத்தில் தடை, நஷ்டஈடு, லாபக் கணக்கு மூன்றையும் கேட்கலாம். நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர 62-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அவசரத் தடை தேவையில்லாத வணிக வழக்குகளில் முதலில் சமரச மையத்துக்குப் போவது கட்டாயம். தெரிந்தே மீறியவருக்கு 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனையும் உண்டு.

தாமதம்தான் பெரிய எதிரி. டிரெய்லர் வந்தபோது பேசாமல் இருந்துவிட்டு, ரிலீசுக்கு முந்தின நாள் ஓடிவருபவர்களை நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. 2017-இல் ‘பில்லௌரி’ பட வழக்கில் அப்படிக் கடைசி நேரத்தில் வந்தவரை மும்பை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்துத் திருப்பி அனுப்பியது.

கையில் காசில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

உங்களிடம் அப்படியொரு ஸ்கிரிப்ட் ஏற்கெனவே இருந்தால், இந்த வாரமே நண்பரைக் கூப்பிட்டு உட்காருங்கள். சந்தேகத்தினால் கேட்பதாக அவர் நினைத்தால், மேலே உள்ள ஐந்து வரி ஷரத்தைப் படித்துக் காட்டுங்கள். அது அவரையும் உங்களிடமிருந்து காப்பாற்றுகிறது என்பது அவருக்கே புரியும்.